'போ' என்று அழுத குழந்தை

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வருகிற பஸ்ஸில் நடந்தது இது. ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிற தூரம்தான். வாரத்துக்கு இரண்டு முறையாவது அந்த வழியில் போய் வருகிறவன் நான். ஆனால் இன்றைக்கும் கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கு வயது நாற்பத்தாறு. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். மாடித்தோட்டம் என்றால் பைத்தியம். இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அவ்வப்போது யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடி விதையும் நாற்றும் மாற்றிக்கொள்வோம். மூன்று வருடப் பழக்கம். ஆனாலும் செடியைத் தாண்டி ஒருவரைப் பற்றி ஒருவருக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. யார் வீட்டு வெண்டை எப்போது காய்த்தது என்று தெரியும். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரியாது.

அன்று திண்டிவனத்தில் கூடியிருந்தோம். வீட்டுக்காரர் டீ கொடுத்துவிட்டு, "செடிய விட்டா உங்களுக்கெல்லாம் வேற இன்னா வரும்? ஆளுக்கு ஒன்னு சொல்லுங்க" என்றார். மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பெரிய மீசைக்காரர் ஒருவர், ஜாக்கெட்டுக்குப் பூ வேலை செய்வேன் என்று சொல்லி, போனில் படம் படமாகக் காட்டினார். எப்போதும் பின்னால் உட்கார்ந்திருக்கும் டைப்பிஸ்ட் அம்மா, கேரம் விளையாட்டில் மாவட்ட அளவில் ஜெயித்தவராம். ஒரே சிரிப்பும் கைதட்டலும்தான்.

கடைசியாக ஒரு மேடத்தின் முறை வந்தது. விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அன்று சர்ச்சில் காலைப் பூசை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். குழுவில் மாவுப்பூச்சி, அசுவினி என்று செடிப் பூச்சிகளைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் பதில் போடுவார், அதுவும் ஒரு வரியில். "பாஷை கத்துக்குவேன். போன்ல பாடம் வரும், கேட்டுக்கினே இருப்பேன். இப்ப நாலாவது பாஷை" என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஜெராக்ஸ் கடையில உட்கார்ந்துக்கினு நாலு பாஷைய வெச்சி இன்னா மேடம் பண்ணப் போறீங்க? மாவுப்பூச்சி கிட்ட பேசிப் பாப்பீங்களா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும்போது இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். அவர் முன்னால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டார். எனக்குப் பின்பக்கம்தான் இடம் கிடைத்தது. மடியில் கறிவேப்பிலை நாற்று, கையில் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலம்.

நல்ல கூட்டம். மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் ஏறினார். அவருக்குப் பின்னாலேயே நாலு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தையும் ஏறி, அந்தப் புடவையை ஒட்டி நின்றது. அந்தப் பெண்ணுக்கு எனக்கு எதிர்வரிசையில் இடம் கிடைத்தது. குழந்தை நடுவில் தடுமாறுவதைப் பார்த்து, நகர்ந்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். நாலைந்து கடலையை உரித்துக் கொடுத்தேன். வாங்கித் தின்றது. வெயிலில் அலைந்த களைப்போ என்னவோ, கொஞ்ச நேரத்தில் என் கைமேல் சாய்ந்து தூங்கிவிட்டது. கண்டக்டர், "கொழந்தைக்கு வயசு இன்னா சார்?" என்று கேட்டார். "அவங்களோடதுங்க" என்று மஞ்சள் புடவையைக் காட்டினேன். கூட்டம் நெருக்கியதில் அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

கூட்டேரிப்பட்டில் அந்தப் பெண் எழுந்து இறங்கினார், குழந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன். "ஏம்மா, கொழந்தைய விட்டுட்டுப் போறீங்களே!"

அவர் திரும்பினார். "என் கொழந்த இல்லீங்களே. உங்க கூடதான வந்துச்சு?"

பஸ் கிளம்பிவிட்டது.

யாருடைய குழந்தை இது? நான் எழுந்து, "கண்டக்டர் சார், பஸ்ஸ நிறுத்துங்க, இந்தக் கொழந்த..." என்று ஆரம்பித்தேன். அந்தச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. சுற்றிலும் பார்த்தது. மஞ்சள் புடவை இல்லை. என் முகத்தைப் பார்த்தது. பார்த்ததும் வீரிட்டுக் கத்தியது.

"போ... போ... போ..."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சமாதானப்படுத்தலாம் என்று தூக்கினேன். அது என் மார்பில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளிக்கொண்டே இன்னும் பலமாகக் கத்தியது. "போ... போ..."

"யார்யா நீ? கொழந்தையே உன்ன போ போன்னு சொல்லுது பாரு!" என்றார் பின்சீட்டிலிருந்து ஒருவர்.

"எனக்குத் தெரியாதுங்க, அந்த அம்மாவோடதுன்னு நெனச்சேன்" என்றேன். என் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது. கண்டக்டர் நல்ல மனிதர். "ஆமா, என்கிட்டயும் அவங்களோடதுன்னுதான் சொன்னாரு" என்றார். எனக்கு ஆதரவாகத்தான் சொன்னார். அது எனக்கே வினையாக முடிந்தது. "அப்ப கண்டக்டர் கிட்டயே புளுகியிருக்கான்" என்றது ஒரு குரல். "மல்லாட்டை உரிச்சிக் குடுத்தான், நான் பாத்தேன். துன்ன ஒடனே கொழந்த தூங்கிடுச்சி. இன்னாத்த கலந்தானோ" என்றார் ஒரு வயதான அம்மா. ஒருவர் போனைத் தூக்கி என் முகத்தைப் படம் எடுக்க ஆரம்பித்தார்.

டெரிலின் சட்டை போட்ட ஒருவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் காலரைப் பிடித்தார். கறிவேப்பிலை நாற்று கீழே விழுந்து மிதிபட்டது. "புள்ள புடிக்கிற கும்பல் சுத்துதுன்னு வாட்ஸ்அப்ல வந்துக்கினே இருந்துச்சே, இவன்தான்யா அது" என்றார்.

அப்போது எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது! அந்தச் செய்தி எனக்கும் வந்திருந்தது. வந்தது மட்டுமல்ல. அதே வாரம் அதை நானும் எங்கள் தோட்டக் குழுவில் போட்டிருந்தேன், முழுசாகப் படிக்கக்கூட இல்லாமல். "யார் சொன்னது?" என்று கேட்டு ஒருவர் மட்டும் பதில் போட்டிருந்தார். ஜெராக்ஸ் கடை மேடம்தான். ஊருக்கு நல்லது சொன்னால் இந்தம்மாவுக்கு என்ன வந்தது என்று அன்றைக்கு எரிச்சல்பட்டேன். இப்போது அந்தச் செய்தி என் காலரைப் பிடித்து நிற்கிறது.

"மேடம்! மேடம்!" என்று முன்பக்கம் பார்த்துக் கத்தினேன். இத்தனை தலைகளுக்கு நடுவே அவருடைய பின்தலையும் காதில் தொங்கும் ஒயரும் தெரிந்தன. அவருக்குக் கேட்கவில்லை. "யார கூப்புடுற? கூட்டாளியா?" என்று ஒருவர் என் முதுகில் குத்தினார். முதல் அடி. அடுத்தது எங்கிருந்து வரும் என்று தெரியவில்லை. கீழே விழுந்தால் எழுந்திருக்கப் போவதில்லை என்று மட்டும் தெரிந்தது. கையில் இருந்த குழந்தையை இறக்கிவிடவும் பயம், வைத்திருக்கவும் பயம். என் பெண்டாட்டிக்கு யார் போன் செய்து என்ன சொல்வார்கள் என்றெல்லாம் மனசு ஓடியது.

டிரைவர் பிரேக் போட்டு ஓரங்கட்டினார். வண்டி குலுங்கி நின்றதில்தான் மேடம் காதிலிருந்து ஒயரை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

என்னைப் பார்த்தார். என் காலரைப் பார்த்தார். பிறகு குழந்தை கத்துவதைக் கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டு நின்றார். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எவ்வளவு நீளமாக இருந்தது தெரியுமா!

"நவுருங்க. கொஞ்சம் நவுருங்க" என்று ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். "அவர் சட்டைய விடுங்க மொதல்ல. அவர எனக்கு மூனு வருஷமா தெரியும். அந்தக் கொழந்த போன்னு சொல்லல."

"எங்க காதுல விழுது இல்ல?" என்றார் டெரிலின் சட்டைக்காரர்.

"ஒடியால, அதான் ஒடிசாக்காரங்க பாஷையில, அம்மாவ 'போஉ'ன்னுதான் கூப்புடுவாங்க. அது அம்மாவக் கூப்ட்டுக்கினு இருக்குது."

ஆனால் காலரில் இருந்த கை இன்னும் எடுபடவில்லை. மேடம் குனிந்து குழந்தையிடம் ஏதோ கேட்டார். அது வெறித்துப் பார்த்தது. மறுபடி கேட்டார். திரும்பவும் அழுகைதான். மேடத்தின் நெற்றியில் வியர்வை. என்னிடம் மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார்: "நான் ஆளுங்க கிட்ட பேசினதே இல்ல சார். போன்ல கேட்டதுதான். நான் சொல்றது சரியான்னே தெரியல."

காலரைப் பிடித்திருந்தவர், "இந்தம்மாவும் சும்மா கதை வுடுது" என்றார்.

மேடம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸின் நடுவில் அந்த அழுக்குத் தரையிலேயே உட்கார்ந்தார். விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். "ஏக... துயி... தினி..." பாடத்தில் முதலில் வருவது அதுதானாம். மூன்றோடு நிறுத்திவிட்டு நாலாவது விரலைக் காட்டிக்கொண்டு காத்திருந்தார்.

குழந்தை அழுகையை நிறுத்தியது. மூக்கை உறிஞ்சியது. அந்த விரலையே பார்த்தது. பிறகு, "சாரி" என்றது. நாலு என்று அர்த்தமாம்.

"பாஞ்ச்ச" என்றார் மேடம். என் கையிலிருந்து வழுக்கி இறங்கி அவர் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது குழந்தை. அப்போதுதான் என் காலர் விடுபட்டது.

அதற்கப்புறம் கேட்கக் கேட்க ஒவ்வொரு சொல்லாகப் பதில் வந்தது. அம்மா பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள். அம்மாவும் மஞ்சள் புடவை. கூட்டத்தில் அந்தப் புடவைதான் என்று நினைத்து இன்னொரு புடவையைப் பின்தொடர்ந்து ஏறிவிட்டிருக்கிறது. மேடம் சொல்லச் சொல்ல, மல்லாட்டைக் கதை சொன்ன அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கண்டக்டர் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இருக்கும் டைம் கீப்பருக்குப் போன் போட்டார். முதல் இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தவர் சொன்னது எனக்கும் கேட்டது. "ஆமாம்பா, வடக்கத்தி பொம்பள ஒன்னு தலைய விரிச்சிப் போட்டுக்கினு ஒவ்வொரு பஸ்ஸா ஏறி எறங்கினு இருந்துச்சி. இன்னா சொல்லுதுன்னே புரியல, பேஜாரா பூட்ச்சி. இப்ப எங்க போச்சோ, காணோம்."

அந்த அம்மா சென்னை பஸ் எதிலாவது ஏறிப் போயிருந்தால்? மேடம் போனை வாங்கினார். "சார், ஜல்தியா மைக்ல சொல்லணும். நான் ஒரு வார்த்த சொல்றேன், அத அப்படியே மைக்கு கிட்ட போன வெச்சிப் போடுங்க" என்றார். அந்தப் போனிலேயே, ஒடியாவில், திக்கித் திக்கி, குழந்தை பத்திரமாக இருக்கிறது, அங்கேயே இருங்கள் என்று சொன்னார். ஒருமுறை இல்லை, ஏழெட்டு முறை. நடுவில் ஒரு சொல்லை மறந்து, கண்ணை மூடி யோசித்துத் திருத்திக்கொண்டார்.

கடைசியில் போனுக்குள் ஓர் அலறல் கேட்டது. தூரத்திலிருந்து நெருங்கி வந்தது. குழந்தை துள்ளி எழுந்து, "போஉ!" என்றது. இந்த முறை யாருக்கும் அது 'போ' என்று கேட்கவில்லை.

நானும் மேடமும் குழந்தையோடு இறங்கி, ரோட்டைக் கடந்து, எதிரே வந்த பஸ்ஸில் திண்டிவனத்துக்கே திரும்பினோம். என் சட்டையைப் பிடித்தவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கோபமும் வரவில்லை. அந்த இடத்தில் வேறொருவன் மாட்டியிருந்தால், நானும் இரண்டாவது வரிசையில் நின்று போனில் படம் எடுத்திருப்பேனோ என்ற சந்தேகம்தான் வந்தது.

பஸ் ஸ்டாண்டில் போலீஸ்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் அந்தத் தாய் நின்றிருந்தாள். புதுச்சேரியில் கட்டட வேலைக்குப் போகிற கூட்டத்தோடு வந்தவள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. ஓடி வந்து முதலில் குழந்தையின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகுதான் கட்டிக்கொண்டாள். மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேசினாள். "இன்னா சொல்றாங்க மேடம்?" என்று கேட்டேன்.

"பாதி புரியல சார். ரொம்ப வேகமா பேசுறா" என்றார் மேடம். அவர் அழுதுகொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க சார், சிரிக்கத்தான சொன்னீங்க" என்றார். குழுவில் போட்ட அந்தச் செய்தியை அப்போதே அழித்துவிட்டு, தப்பாகப் போட்டுவிட்டேன் என்று எழுதினேன்.

இன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு குழந்தை வந்து உட்கார்ந்தால், உன் அம்மா எங்கே என்று முதலில் கேட்டுவிடுகிறேன். அது பயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பயத்தைவிட ஆழமாக ஒன்று மனசில் தங்கியிருக்கிறது: அந்த பஸ்ஸில் தமிழில் கத்திய நானும் ஒடியாவில் கத்திய அந்தக் குழந்தையும் ஒரே கதியில்தான் இருந்தோம், நின்று காது கொடுத்துக் கேட்க ஒருவர் வரும்வரை.