அத்தானின் வலது கால்

என் அக்காவின் கணவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கற்றுக்கொடுக்கிற காரில் வாத்தியாருக்கும் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் திணறினால் அதை மிதிக்கலாம். அத்தானோ திணறும்வரை காத்திருப்பவர் இல்லை. ஊர்க்கதை பேசிக்கொண்டே வலது காலால் அலுங்காமல் மிதித்துவிடுவார். ஓட்டுகிறவர் தானே நிறுத்தியதாக நினைத்துப் பூரித்துப்போவார். பத்தே நாளில் பழகிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்வார். அதனால் ஸ்கூலில் எப்போதும் கூட்டம்தான். அதில் எத்தனை பேர் தேர்வில் தேறினார்கள் என்று மட்டும் அத்தானிடம் கேட்கக் கூடாது.

அப்படிப் பூரித்தவர்களில் அக்காவும் ஒருத்தி. அவள் நர்ஸ். நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்டாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். தேர்வு வண்டியில் இரண்டாவது பிரேக் கிடையாது. இரண்டு முறையும் அக்கா சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்த்தான் நின்றாள். தேர்வு அதிகாரிக்கு நம் குடும்பத்தைக் கண்டாலே ஆகாது என்று அத்தான் பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டார்.

இதற்கிடையில் அத்தான் வீட்டுக்குப் புது கார் வாங்கினார். குறுக்கே எது வந்தாலும் அது தானே பிரேக் போடும். கோட்டைத் தாண்டினால் கீ கீ என்று கத்தும். முதல் வாரம் அத்தான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார். அடுத்த வாரம் ஒரு கை போதும் என்றானது. மூன்றாவது வாரம், பின்சீட்டில் இருந்த என் பக்கம் முழுசாகத் திரும்பி, என் கணவரின் சோம்பேறித்தனத்தை விலாவாரியாக எடுத்துச்சொன்னார். முன்னால் போன லாரி நிற்க, எங்கள் காரும் தானாக நின்றது.

"பாத்தியா, என்னைவிட அதுக்குப் பொறுப்பு ஜாஸ்தி" என்றார் பெருமையாக. அன்று அவர் பேசியதில் அது ஒன்றுதான் கலப்படமில்லாத உண்மை.

மூன்றாவது தேர்வுக்கு நான்கு நாள் இருந்தது. ஸ்கூல் காரில் பயிற்சி முடிந்து திரும்பினோம், நான் பின்சீட்டில். ஸ்கூல் கேட் சாத்தியிருந்தது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினாள். அத்தான் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். இருவர் முகத்திலும் அப்படியொரு நிம்மதி. நான் வாயைத் திறப்பதற்குள் கார் கேட்டில் போய் முட்டி நின்றது. யாருக்கும் காயமில்லை. புதிதாகச் சேர வந்திருந்த ஏழெட்டுப் பேர் வாசலில் நின்று பார்த்தார்கள்.

"எப்பவும் மிதிக்கிற மாதிரிதான் மெதுவா மிதிச்சேன். எப்பவும் நிக்குமே" என்றாள் அக்கா.

"நான்... காரே பிரேக் போட்டுக்கும்னு இருந்துட்டேன்."

"எந்தக் கார்?"

"வீட்டுக் கார்" என்றார் அத்தான், ஸ்கூல் காரில் உட்கார்ந்துகொண்டு.

"அப்போ இதுக்கு முன்னாடி நின்னதெல்லாம்?"

அத்தான் தன் செருப்பைப் பார்த்தார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. எட்டு மாதமாக அவள் மிதித்தது வெறும் ஒப்புக்கு. அவள் கண் கலங்கியதைப் பார்த்து, சிரிக்கத் தயாராக இருந்த எனக்கும் சிரிப்பு வரவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"காலை மேல தூக்கி, சம்மணம் போட்டு உக்காருங்க."

நான்கு நாளும் ஊர் பார்க்க, அத்தான் முன்சீட்டில் சம்மணம் போட்டுத்தான் வந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் வலது முட்டி துடிக்கும். அக்கா ஒரு பார்வை பார்ப்பாள், அடங்கிவிடும். முதல் நாள் அவள் மிதித்த மிதியில் என் நெற்றி முன்சீட்டில் இடித்தது. நான்காம் நாள் கார் கோட்டுக்கு ஒரு முழம் முன்பே பதமாக நின்றது.

மூன்றாவது முறை தேறிவிட்டாள். தேர்வு அலுவலக வாசலிலேயே காத்திருந்த அத்தான், ஓட்டும்போது தன் நினைப்பு வந்ததா என்று ஆசையாகக் கேட்டார்.

"வழிநெடுக வந்துச்சு" என்றாள் அக்கா. "நீங்க பக்கத்துல இல்லைன்னு நெனைச்சு நெனைச்சுதான் மிதிச்சேன்."