பிரசாதத்தைச் சாப்பாடு என்று சொல்வதில்லை

"இன்னாமா, இப்படி இளைச்சிட்ட! இன்னா பண்ண, எங்களுக்கும் சொல்லேன்" என்று தெருவில் நிறுத்திக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்பத்திரண்டு கிலோ இருந்தவள் இன்றைக்கு அறுபத்தெட்டு. என் அக்காவுக்கு ஒரு சிறுநீரகம் கொடுப்பதற்காக இளைத்தேன். கொடுக்கவில்லை, அக்கா போய்விட்டாள். காய்கறிக்காரர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இதையெல்லாம் எப்படிச் சொல்வது? "சும்மா நடக்கறேன்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் அக்கா வீடும் என் வீடும் அடுத்தடுத்து. நடுவில் ஒற்றைச் சுவர்தான். இந்தப் பக்கம் என் தறிச் சத்தம் நின்றால் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். "இன்னாடி, இழை அறுந்துடுச்சா, தூங்கிட்டியா?" என்னைவிட ஏழு வயது மூத்தவள். வாய் ஓயவே ஓயாது. ரத்தக் கொதிப்பை ரொம்ப வருஷம் கவனிக்காமல் விட்டதில் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். மாமாவுக்குச் சர்க்கரை, அவர் கொடுக்க முடியாது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மிச்சம் இருந்தது நான்தான்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். ரத்தம் சேர்ந்தது, மற்றதும் சேர்ந்தது. எடைதான் சேரவில்லை. "எழுபதுக்கு வாங்க, தேதி குறிச்சிடலாம்" என்றார் டாக்டர். "ஆறே மாசம் சார்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். வேனில் திரும்பும்போது அக்கா என் இடுப்பைக் கிள்ளினாள். "என் உசுரு இதுக்குள்ள மாட்டிக்கினு இருக்குதுடி" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் என்று ஒரு சின்னப் பெண். என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, வாயில் போடுவதை எல்லாம் எழுதச் சொன்னாள். உடற்பயிற்சி செய்வீர்களா என்று கேட்டாள். நாள் முழுக்கத் தறி மிதிக்கிறேன் என்றேன். "அது உட்கார்ந்து செய்யற வேலை மேடம்" என்றாளே பார்க்கலாம்! "நீ ஒரு நாள் வந்து உக்காந்து பாருமா, அப்புறம் சொல்லு" என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவள் சொன்னதைச் செய்தேன். விடிந்ததும் ஏகாம்பரநாதர் கோயில் மதிலைச் சுற்றி நடந்தேன். சோற்றைப் பாதியாக்கினேன். சர்க்கரையை நிறுத்தினேன். அரை பிஸ்கட் தின்றாலும் நோட்டில் அரை பிஸ்கட் என்று எழுதினேன். மூன்று மாதத்தில் எழுபத்தாறுக்கு வந்துவிட்டேன். தெருவில் என்னைவிடப் பெருமைப்பட்டவள் அக்காதான்.

அப்புறம் நின்றுவிட்டது. எழுபத்தாறு. அடுத்த வாரம் எழுபத்தாறு. அடுத்த மாதமும் அதேதான். மருந்துக்கடை வாசலில் இருந்த மெஷின் கெட்டுவிட்டது என்று கடைக்காரரோடு சண்டை போட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு மெஷினில் ஏறினேன், அதுவும் எழுபத்தாறு. அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தால், "உடம்பு பழகிடுச்சு மேடம், கொஞ்ச நாள் இப்படி நிக்கும், விடாதீங்க" என்றாள். நானா விடுவேன்? ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்தினேன். தறியில் உட்கார்ந்தால் தலை சுற்றியது. மெஷின் அசையவில்லை.

மனிதர் கைவிட்டால் போகிற இடம் எங்களுக்கு ஒன்றுதானே. தெருமுனை அம்மனிடம் போனேன். எடை இறங்கி அக்கா பிழைக்கவேண்டும் என்று நாற்பத்தெட்டு நாள் வேண்டிக்கொண்டு, காலையில் நடந்து முடித்ததும் அர்ச்சனை செய்தேன். அது முடிந்ததும் இன்னொரு நாற்பத்தெட்டு. பூசாரி ஒவ்வொரு நாளும் இரண்டு தொன்னை கொடுப்பார், எனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. நெய் ஒழுகுகிற பொங்கல். வெள்ளிக்கிழமை என்றால் சர்க்கரைப் பொங்கல். அக்காவுக்கு அதெல்லாம் ஆகாது, டாக்டர் கண்டித்திருந்தார். பிரசாதத்தை எறியலாமா? அவள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடமே கொடுத்துவிடுவாள். அவள் பங்கையும் நானே வாங்கிக்கொள்வேன்.

எட்டாவது மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தப் பெண் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "இவ்ளோதான் சாப்பிடறீங்கன்னா இறங்கியே ஆகணுமே. வேற ஒண்ணும் சாப்பிடலையா?" என்று கேட்டாள். என்னைப் பெற்றவள்மேல் ஆணையாக இல்லை என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். அவள் நல்ல பெண், எனக்காக இவ்வளவு மெனக்கெடுகிறாளே என்று பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினேன். "அக்கா பேருக்கு அர்ச்சனை பண்ணதும்மா, எடுத்துக்கோ."

டப்பாவைத் திறந்தவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது தினமும் சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறது இல்லமா. பிரசாதம்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "எவ்ளோ மேடம்?" என்றாள். என் வாயாலேயே சொன்னேன். இரண்டு தொன்னை. எத்தனை நாளாக? அதையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே நோட்டை என் பக்கம் இழுத்துப் புரட்டினேன், ஒரு பக்கத்திலும் பொங்கல் இல்லை. எங்கள் பேச்சில் பிரசாதத்தைச் சாப்பிட்டேன் என்று யாரும் சொல்லமாட்டோம், வாங்கிக்கொண்டேன் என்போம். விரதம் இருக்கிறவர்கள்கூட வாங்கிக்கொள்வார்கள். பிறந்ததிலிருந்து அப்படியே சொல்லிப் பழகியதில், அரை பிஸ்கட்டை எழுதிய எனக்கு இதை எழுதவேண்டும் என்று தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் இருமல் வரும்வரைக்கும் சிரித்தாள். "எடை குறையணும்னு வேண்டிக்கினு பொங்கலைத் துன்னிருக்குது பாரு! எங்கனா உண்டா இந்தக் கூத்து? அம்மன் இன்னாடி பண்ணுவா, பாவம்!" மாமாவைக் கூப்பிட்டு அவரிடமும் சொல்லிச் சிரித்தாள். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

மறுநாளிலிருந்து கண்ணில் ஒற்றிக்கொண்டு இரண்டு தொன்னையையும் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். வேறு எதையும் மாற்றவில்லை. அதே நடை, அதே அரைச் சோறு. இரண்டாவது வாரம் எழுபத்தைந்து. அப்புறம் எழுபத்து மூன்று. இறங்க இறங்க எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவுதானா? இதற்கா மூன்று மாதம் போனது?

எழுபத்தொன்றில் இருந்தபோது டயாலிசிஸ் முடிந்து வந்த அக்காவுக்குக் குளிர் ஜுரம் கண்டது. ரத்தத்தில் கிருமி என்றார்கள். சென்னைக்குக் கொண்டுபோய் ஐசியுவில் சேர்த்தோம். ஆறாவது நாள் காலை ஆஸ்பத்திரி மெஷினில் ஏறிப் பார்த்தேன். சரியாக எழுபது. ஒரே ஓட்டமாக டாக்டரிடம் போனேன். "சார், எழுபது. வந்துட்டேன் சார். இன்னைக்கே எடுத்துக்குங்க."

அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். இந்த நிலைமையில் ஆபரேஷன் பேச்சே கிடையாது, கிருமி இதயம்வரைக்கும் போய்விட்டது, பிழைப்பது கஷ்டம் என்றார். "ரெண்டு மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா சார்?" என்று கேட்டேன். "அப்படியெல்லாம் யோசிக்காதீங்கம்மா" என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை. அவளுடைய நாளை எல்லாம் நான் தொன்னை தொன்னையாகத் தின்று தீர்த்திருக்கிறேன். யார் என்ன ஆறுதல் சொன்னாலும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. இன்றைக்கும் அப்படித்தான்.

சாயங்காலம் நாலு மணிக்கு அவளைப் பார்க்க விட்டார்கள். மறுநாள் அவள் போய்விட்டாள், அதனால் நாங்கள் கடைசியாகப் பேசியது அப்போதுதான். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். "அக்கா, எழுபதுக்கு வந்துட்டேன்கா. சரியா எழுபது" என்றேன். நல்ல சேதி சொல்கிற மாதிரி சிரித்தும் காட்டினேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கையைத் தூக்க முடியாமல் தூக்கி என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். டாக்டர் சொன்னதை அவளிடம் நாங்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"போதும்டி" என்றாள். "இனிமே இளைக்காத. வயிறார சாப்பிடு."