தைப்பூசம் முடிந்த மறுவாரம் கொடுத்த ரத்தம்

என் கால் கட்டைவிரல்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஒரு கல்யாண விருந்துக்கு மறுநாள் காலை, மலேசியாவின் கூலாயில் எங்கள் வீட்டுக் கட்டிலில், போர்வை பட்டாலே உயிர் போனது. கௌட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதம்) என்றார்கள் கிளினிக்கில். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. சேனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன்.

இந்த நோயுள்ளவர்களுக்குச் சிறுநீரகமும் கெடலாம் என்பதால் வருடம் ஒருமுறையாவது ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். கிரியாட்டினின் (தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவு, சிறுநீரகம் வெளியேற்றுவது) எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, சிறுநீரகம் எந்த அளவுக்கு வடிகட்டுகிறது என்று கணக்கிடுவார்கள்.

நான் செய்தது இதுதான். தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருப்பேன். ஆட்டிறைச்சி இல்லை, பீர் இல்லை. பால்குடம் எடுத்து முடித்த மறுவாரமே போய் ரத்தம் கொடுப்பேன். எண்கள் மோசமில்லாமல் வரும். அந்தத் தாளைப் பார்ப்பவர்களிடமெல்லாம் காட்டிப் பீற்றிக்கொள்வேன். மற்ற மாதங்களில் கால் வீங்கினால், கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கிய வலி மாத்திரைதான். பர்சில் எப்போதும் ஓர் அட்டை இருக்கும். வேலைக்குப் போயாக வேண்டுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

என் மனைவி சரோஜா என் காலுக்காக வேண்டிக்கொண்டு, அந்த நாற்பத்தெட்டு நாளும் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்தாள். ஐந்து வருடம் அப்படி இருந்தாள்.

ஆறாவது வருடம் கிளினிக்குக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். பழைய தாள்களைப் புரட்டினார். என் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார்.

“அங்கிள், எல்லா ரிப்போட்டும் தைப்பூசம் முடிஞ்ச கையோட எடுத்ததா இருக்கே. காலும் மெலிஞ்சு போச்சு. இறைச்சி சாப்பிடாம, தசையும் கொறஞ்சா கிரியாட்டினின் கம்மியாத்தான் காட்டும். இன்னொரு டெஸ்ட் எடுத்துருவோம்.”

அது சிஸ்டாடின் சி (உடம்பின் செல்கள் எல்லாம் வெளிவிடும் சிறு புரதம், தின்ற இறைச்சியும் தசையின் அளவும் அதை அவ்வளவாக மாற்றுவதில்லை). இரண்டு வாரம் கழித்து முடிவைக் கேட்கப் போனபோது சரோஜாவும் வந்தாள். கிரியாட்டினின்படி என் சிறுநீரகம் வடிகட்டும் அளவு அறுபத்திரண்டு; தொண்ணூறுக்கு மேல் இருக்க வேண்டியது. சிஸ்டாடின்படி நாற்பத்தொன்று. பதினைந்துக்குக் கீழே இறங்கினால் டயாலிசிஸ் (இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரிப்பது) பற்றிப் பேச வேண்டிவரும் என்றார் டாக்டர்.

“வலி மாத்திரை ஏதும் போடறீங்களா அங்கிள்?”

நான் வாயைத் திறக்குமுன் சரோஜா முந்திக்கொண்டாள். “அதெல்லாம் தொடவே மாட்டாரு டாக்டர். வலிச்சா ஐஸ் வெச்சுக்கிட்டு, முருகான்னு படுத்துக்குவாரு.”

அதை அவள் பெருமையாகச் சொன்னாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பர்சை எடுத்து, அட்டையை மேசைமேல் வைத்தேன். பத்தில் ஏழு மாத்திரை காலி.

டாக்டர் திட்டவில்லை. “இது கிட்னியக் கெடுக்கும் அங்கிள். இன்னியோட நிறுத்திருங்க. வலிக்கு வேற மருந்து தரேன். கெட்டுப்போனது முழுசா திரும்பாது. இருக்கறத காப்பாத்திக்கலாம்.”

சரோஜா காரில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு, “நான் யாருக்காகப் பட்டினி கெடந்தேன்?” என்று கேட்டாள். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கும் கௌட் இருந்தால், போட்ட மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறேன். என் வருடம் அப்படித்தான் நகர்கிறது. கட்டைவிரல் போட்ட கூச்சலைச் சிறுநீரகம் ஒருநாளும் போடவில்லை. அதனால் உடம்பு சும்மா இருக்கும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுத்த தைப்பூசம் நெருங்கியபோது சரோஜா கேட்டாள்: “இந்த வருசம் விரதம் இருக்கீங்களா?”

“ரத்தம் குடுத்துட்டு வந்து ஆரம்பிக்கிறேன்” என்றேன்.

மறுநாள் காலை நான் கிளினிக்குக்குக் கிளம்பியபோது, எனக்கு முன்னால் போய்க் காரில் உட்கார்ந்திருந்தாள். நான் ஏறியதும் கையை நீட்டினாள்.

“பர்சக் குடுங்க, பாக்கணும்.”

கொடுத்தேன்.