கடிதத்தின் அடியில் ஒரு பெயர்

தையல் டீச்சருக்குத் தேர்வு அறைக் காவல் தலையில் எழுதி வைத்த மாதிரி. தையலுக்கு இறுதித் தேர்வு கிடையாது; அதனால் தேர்வுக் காலத்தில் அவர் சும்மா இருக்கிற ஆள். இருபத்திரண்டு வருடத்தில் தலைமையாசிரியர்கள் எத்தனையோ பேர் மாறினார்கள், இந்தக் கணக்கு மட்டும் மாறவே இல்லை.

வினாத்தாள் கொடுக்கும் முன் பதினொரு விதிகளை உரக்க வாசிக்க வேண்டும். மற்ற ஆசிரியர்கள், "எல்லாம் தெரியும்ல?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார்கள். டீச்சர் ஒரு வரி விடமாட்டார். பிள்ளைகள் கொட்டாவி விடும், விட்டத்தைப் பார்க்கும். அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐந்தாவது விதியை மட்டும் இரண்டு தடவை வாசிப்பார்: விடைத்தாளுக்குள் எங்கேயும் சொந்தப் பெயர் வரக் கூடாது. மொழித் தேர்வில் கடிதம் எழுதச் சொல்வார்கள். அதை வினாத்தாளில் கொடுத்த கற்பனைப் பெயரில்தான் முடிக்க வேண்டும். நம் பிள்ளைகளோ கடிதம் என்றதும் நிஜமாகவே தபாலில் போடப்போவதுபோல் தங்கள் பெயரை எழுதித் தொலைக்கும். திருத்துகிறவருக்கு அடையாளம் காட்டியதாகச் சொல்லித் தாளைத் திருத்தாமல் நிறுத்திவைத்துவிடுவார்கள். பிட் அடித்தவனுக்கும் இந்த அப்பாவிக்கும் ஒரே விசாரணை.

டீச்சரின் மகனும் இந்த வருடம் கடைசி வகுப்பு. அவனுக்குத் தேர்வு மையம் வேறு பள்ளி. "ஹால்ல போய் உக்காந்ததும்..." என்று இவர் ஆரம்பித்தாலே காதைப் பொத்திக்கொள்வான். "வீட்லயும் டூட்டியாம்மா? படிக்க விடேன்."

மொழித் தேர்வு அன்று, முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது டீச்சர் வரிசைகளுக்கு நடுவே நடந்தார். மூன்றாவது பெஞ்சில் கண்ணாடி போட்ட பெண், கடிதத்தின் அடியில் முழுப்பெயரைக் கோடு இழுத்து அலங்காரமாக எழுதியிருந்தாள். டீச்சருக்குப் பகீர் என்றது. தாளைத் தொட்டுக் காட்டினால் அதுவும் குற்றம். நேரே முன்னால் போய் நின்றார்.

"லெட்டர்ல சொந்தப் பேர் எழுதினவங்க கையத் தூக்குங்க. திட்ட மாட்டேன்."

நான்கு கைகள் எழுந்தன.

"அப்ப காலையில நான் சுவத்துக்கா வாசிச்சேன்?" திட்டாமல் இருக்க முடியவில்லை.

பெயரை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் அறைக் காவலர் கையெழுத்து, தேர்வு மையத் தலைவர் கையெழுத்து. அதுதான் முறை. வந்த தலைவர் முகத்தைச் சுளித்தார். "உங்க ரூம்ல மட்டும்தான் டீச்சர் இப்படி வருது."

"மத்த ரூம்ல யாரும் பாக்கல சார். அதான் வரல."

அவர் முனகிக்கொண்டே நான்கு இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்தால் மகன் சிரித்த முகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "லெட்டர்ல கலக்கிட்டேன்மா!"

டீச்சர் கைப்பையைக்கூட இறக்கவில்லை. "அடியில என்ன பேர் போட்ட?"

"என் பேர்தான். இனிஷியலோட."

"உங்க ஹால்ல ரூல்ஸ் வாசிக்கலையா?"

"எல்லாம் தெரியும்லனு சார் கேட்டார். தெரியும்னோம்." அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவன் கை தட்டிலேயே நின்றது. "ஏம்மா? தப்பா?"

டீச்சர் சொன்னார். அவன் கண் கலங்கிவிட்டது. "இத நீ முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

பளார் என்று ஒன்று வைக்கலாம் போலிருந்தது. ஊரார் பிள்ளைகள் நாலு பேருக்குக் கையெழுத்து வாங்கிக் கொடுத்த கையால், பெற்ற பிள்ளையின் தாள் கட்டி சீல் வைத்துப் போன பிறகு என்ன செய்ய முடியும்?

"நாளைக்கு அடுத்த பரீட்சை. கைய கழுவிட்டு வந்து உக்காரு."

பையிலிருந்து விதித்தாளை எடுத்துப் பிரித்தார். அவன் எதிரே வந்து உட்கார்ந்தான், காதைப் பொத்தவில்லை. நான்கு விதிகளை நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஐந்தாவதற்கு வந்ததும் தாளை இறக்கிவிட்டார். மகனே தாளை வாங்கி வாசித்தான், இரண்டு தடவை.