பூசாத வீடு

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது நாங்கள் சாக்கு மூட்டைகளால் கட்டிய வீட்டில் குடியிருந்தோம். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

சோமனூர்ப் பக்கம் அப்பா தறி ஓட்டினார். குடியிருந்தது முதலாளியின் லைன் வீட்டில். ஐப்பசி மழையில் பின்சுவர் ஊறி விழுந்தது. அதை எடுத்துக்கட்ட முதலாளிக்கு மனமில்லை. தறிக்கு ஆள் இல்லாமல் போகவும் மனமில்லை. தறிக்கூடத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த மூலையைக் காட்டி, "மழ முடியற வரைக்கும் ஏதாச்சும் மறைப்புப் போட்டுக்கங்க" என்றார். ஒரு தார்ப்பாயும் கொடுத்தார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கேரளத்தில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் மண் மூட்டை வீடு கட்டிப் பழகியிருந்தார். கோழிப் பண்ணையிலிருந்து பழைய பிளாஸ்டிக் தீவனச் சாக்குகளைக் கொண்டுவந்தார். ஈரமண்ணைத் திணித்து, வட்டமாக அடுக்கி, கட்டையால் இடித்து இறுக்கி, மூட்டை நழுவாமலிருக்க வரிசைக்கு வரிசை முள்கம்பி ஓட்டினார். மேலே போகப் போக வட்டம் சிறுத்து, கூம்பிக்கொண்டு தானே மூடியது. அதன்மேல் தார்ப்பாயைப் போர்த்தினோம்.

வழியில் போனவர்கள் சும்மா போவார்களா? "ஏனுங்க, புத்துக்குள்ள பாம்பு குடிவந்தாச்சுங்களா?" என்று ஒருத்தர் கேட்டார்.

"வந்தாச்சுங்க. பாலும் முட்டையும் வெச்சுட்டுப் போங்க" என்றாள் அம்மா.

அவளுக்கு அந்த வீடு பிடித்துப்போனது. தறிச் சத்தம் அந்தச் சுவரைத் தாண்டி வரவில்லை. இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா பகலில் குறட்டை விட்டுத் தூங்கினார். அந்தக் குறட்டைக்காகவே இங்கேயே இருந்துவிடலாம் என்றாள்.

மழை நின்றது. "அக்கா, மேல மண்ணு பூசிப்போடோணும். வெயில் பட்டா சாக்கு பொடிஞ்சுரும். பூசிட்டா அசையாது" என்றார் மாமா. அம்மா செம்மண்ணில் சுண்ணாம்பும் வைக்கோலும் போட்டு மிதித்தாள். நானும் மிதித்தேன்.

அப்போதுதான் முதலாளி வந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். சுவரில் கையை வைத்துத் தள்ளிப் பார்த்தார். அது நிற்காது என்று நினைத்துத்தான் இடம் கொடுத்திருந்தார். நின்றுவிட்டது. முகம் ஒரு மாதிரி ஆகி, உடனே மாமாவைப் பார்த்துச் சிரித்தது.

"அருமையாக் கட்டிப்போட்டீங்க தம்பி. பூச்சு மட்டும் வேண்டாமுங்க. எதுக்கு அம்மணி வீணா ஒடம்ப நோகடிச்சுக்கறீங்க? மழைக்குத்தானுங்களே போட்டது?"

"சரிங்க" என்றார் அப்பா. மாமா வாயைத் திறந்தார். அப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். முதலாளி என் கன்னத்தைத் தட்டி, "கண்ணு, நல்லாப் படிக்கோணும்" என்றார். பிறகு ஆள் அனுப்பித் தார்ப்பாயை எடுத்துக்கொண்டார்.

மிதித்த மண் அப்படியே காய்ந்து கட்டியானது.

அம்மா விடவில்லை. பழைய சேலை, அப்பாவின் வேட்டி, கல்யாணத்துக்கு வந்த சென்னிமலை பெட்ஷீட் என்று கிடைத்த துணியையெல்லாம் சுவர்மேல் போர்த்தினாள். எனக்கு அது கோயில் நோம்பிப் பந்தல் மாதிரி இருந்தது. முதலாளி மறுபடி வந்தார்.

"துணி காயப்போட வேற கொடி கட்டித் தரட்டுங்களா அம்மணி?"

அவ்வளவுதான் கேட்டார். அம்மா ஒவ்வொன்றாக உருவி மடித்துவைத்தாள்.

பங்குனி வெயிலில் சாக்கு நார்நாராகப் பிரிந்தது. மண் பொலபொலவென்று சரிந்தது. ஒரு நாள் காலையில் வாசற்பக்கச் சுவர் இறங்கி உட்கார்ந்தது. நல்லவேளை, நாங்கள் வெளியே இருந்தோம். அவிநாசியில் ஓர் அறை வாடகைக்குப் பிடித்தார்கள். அப்பா அங்கிருந்து அதே தறிக்கு பஸ்ஸில் வந்துபோக வேண்டும்.

சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது முதலாளி வந்து நின்றார். எனக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கச் சொன்னார். "இந்தப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வராம போயராதீங்க அம்மணி" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவருக்குக் கையாட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை மரியாதையாகப் பேசுகிற மனிதரிடம் மரியாதையாக நடந்துகொள்ள அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று, அவிநாசி வரைக்கும் அவளோடு நான் பேசவில்லை.