பழவேற்காட்டு பஸ்ஸில் போன குழந்தை

எங்கள் ஊர் திருப்பாச்சூருக்குப் பக்கம். சொந்த நிலம், சொந்தக் கிணறு. யார் வாசலிலும் போய் நிற்க வேண்டிய குடும்பம் இல்லை எங்களுடையது. ஆனாலும் ஊர் சுற்றிப் பார்க்க என்று காசை எடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. அதை ஆரம்பித்து வைத்தவள் என் நாத்தனார்தான். என் வீட்டுக்காரருக்கு அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், அறுப்பெல்லாம் முடிந்து கை ஓய்ந்திருந்த மாசி மாதம். அண்ணி ஒரு யோசனை சொன்னாள். ரயில் வேண்டாம், வாடகைக் கார் வேண்டாம், ஓட்டல் வேண்டாம். பஸ்ஸிலேயே போவது, கட்டுச்சோறு சாப்பிடுவது, கோயில் சத்திரத்தில் படுப்பது. திருவள்ளூரில் ஏறினால் பெரியபாளையம், அப்புறம் பொன்னேரி, அப்புறம் கும்மிடிப்பூண்டி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிது புதிதாகக் கம்பெனி வருகிறது, பனைமரத்தைவிட உயரமாகப் புகைபோக்கி கட்டுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதைப் பார்த்தே ஆக வேண்டும் அவளுக்கு.

நானும் அவளும், என் பெண்குழந்தையும் கிளம்பினோம். குழந்தைக்கு மூன்று வயது முடிந்திருந்தது.

எனக்கு முதலிலிருந்தே பயம்தான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் போர்டை நான் கூட்டி முடிப்பதற்குள் பஸ் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். ஊரில் நாலு பேர் என்னைக் கேட்டுவிட்டுத்தான் நாற்று விடுவார்கள். பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெருமையெல்லாம் எதற்கு ஆகும்? பார்த்தவனெல்லாம் திருடனாகத் தெரிந்தான். குழந்தையின் கையை நான் பிடித்த பிடியில் அதன் விரலெல்லாம் சிவந்துபோயிருந்தது.

பெரியபாளையத்தில் சாமி கும்பிட்டு, சத்திரத்தில் படுத்து, மறுநாள் பொன்னேரி வந்து சேர்ந்தோம். உச்சி வெயில். கும்மிடிப்பூண்டி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டதற்கு ஒருவர் மோவாயை நீட்டி ஒரு பக்கமாகக் காட்டினார். காட்டிய பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. அவ்வளவுதான், கும்பல் மொத்தமும் அதன்மேல் பாய்ந்தது. வாசலில் ஏற முடியாதவர்கள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டார்கள், பையைப் போட்டார்கள், கூடையைப் போட்டார்கள். பொருள் எந்த சீட்டில் விழுந்ததோ அந்த இடம் பொருளுக்குச் சொந்தக்காரருடையது. சண்டை போட்டாலும் அந்த நியாயத்தை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். குழந்தை வைத்திருப்பவர்கள் குழந்தையையே போடுவார்கள். உள்ளே இருக்கும் யாராவது வாங்கி உட்கார வைத்துக்கொள்வார்கள். தாய்க்காரி நெருக்கியடித்து வந்து சேரும்வரை அந்தக் குழந்தைக்கு அவர்கள் பொறுப்பு. அன்றைக்கு இதெல்லாம் யாரும் அதிசயமாகப் பார்க்காத காரியம்.

"பாத்துக்கினே நிக்கிறியே! புள்ளய உள்ள குடுடி. நின்னுகினே போவவா இம்மாந்தூரம் வந்தோம்?" என்று அண்ணி கத்தினாள்.

ஜன்னலில் ஒரு மீன்காரம்மா கையை நீட்டினாள். "குடும்மே, நான் புடிச்சிக்கிறேன்."

குழந்தையைத் தூக்கிக் கொடுத்தேன். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் வாசலுக்கு ஓடினோம். அண்ணி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"கும்முடிப்பூண்டி போவும் இல்ல?"

"கும்முடிப்பூண்டியா? இது பழவேற்காடும்மா. எறங்கு எறங்கு, வழிய உடு" என்று கண்டக்டர் அவள் தோளைத் தள்ளி இறக்கிவிட்டு விசிலை ஊதிவிட்டார்.

இடத்தை முதலில் பிடித்துவிட்டு, ஊரைப் பிறகு கேட்டிருக்கிறோம்.

"ஐயோ, புள்ள! புள்ள உள்ள கீது!" என்று நான் போட்ட கூச்சல் யார் காதிலும் ஏறவில்லை. அங்கே எல்லாருமே கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். பஸ் நகர்ந்தது. ஓடினேன். தகரத்தைக் கையால் தட்டிக்கொண்டே ஓடினேன். முந்தானை அவிழ்ந்தது, கொண்டை அவிழ்ந்தது, செருப்பு எங்கேயோ போயிற்று. ரோட்டு முனையில் பஸ் திரும்பும்போது ஜன்னலில் அந்தச் சின்னக் கை தெரிந்தது. அப்புறம் புழுதிதான் தெரிந்தது.

டைம் கீப்பரிடம் போய் விழுந்தோம். மேஜைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்குமா அழுவுற? அதே வண்டி போய்ட்டுத் திரும்பி இங்கதான் வரப்போவுது."

"பஸ்ஸு வரும்யா. எம் புள்ள வருமா?"

அவர் டீயைக் கீழே வைத்தார்.

அடுத்த பழவேற்காட்டு பஸ் வர ஒரு யுகம் ஆயிற்று. அண்ணி தலையில் அடித்துக்கொண்டு புலம்பினாள். "எந்தம்பிக்கு இன்னான்னு பதில் சொல்லுவேன்? பொகபோக்கி பாக்கணும்னு நாக்குல சனி வந்து குந்திக்கினுதே!" எனக்கு அழுகைகூட வரவில்லை. பழவேற்காடு என்றால் ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் கடல், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எங்கள் குழந்தை கிணற்றைத் தவிரத் தண்ணீர் பார்த்ததில்லை. கிணற்றடியில் விட்டாலே குனிந்து எட்டிப் பார்க்கும்.

பஸ் திரும்பி வந்தால் பார்க்க அண்ணியை ஸ்டாண்டிலேயே நிற்க வைத்துவிட்டு நான் மட்டும் ஏறினேன்.

அந்த வழியை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை வெளியே நீட்டிக் கேட்டேன். "முன்னாடி போன பஸ்ல ஒரு கொயந்த எறங்குச்சா? பச்ச கவுனு." ஒருவன் இல்லை என்றான். ஒருத்தி தெரியாது என்றாள். கிழவர் ஒருவர், "பச்சையா, மஞ்சளா?" என்று திருப்பிக் கேட்டு என் உயிரை எடுத்தார். வயல் முடிந்தது. வெறும் மணலும் சேறுமாக வந்தது. அங்கங்கே தண்ணீர் பளபளத்தது. ஒவ்வொரு பளபளப்பிலும் பச்சைத்துணி மிதக்கிறதா என்று கண் போயிற்று. போகாதே என்று சொன்னாலும் கேட்கவில்லை.

பாதி வழியில் எதிரே அந்த பஸ் வந்தது. ரோடு குறுகல். இரண்டு டிரைவர்களும் ஓரம் கட்டி நிறுத்தினார்கள். நான் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினேன். அண்ணியைக் கீழே தள்ளின அதே கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"பச்ச கவுனா? அது கடேசி ஸ்டாப்புல ஒரு மீன்கார அம்மாகூட எறங்கிடுச்சேமா. அவங்க புள்ளன்னு நெனச்சேன்!"

உயிர் வந்ததா போயிற்றா என்று தெரியவில்லை. இறங்கியிருக்கிறது. யாரோ ஒருத்தியோடு இறங்கியிருக்கிறது. அவள் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போயிருந்தால்? படகு ஏறியிருந்தால்? அக்கரையில் எத்தனை குப்பமோ, எந்தக் குப்பத்தில் போய்க் கேட்பேன்?

கடைசி நிறுத்தத்தில் பஸ் நிற்பதற்கு முன்பே குதித்தேன். ஒரு பூவரச மரம். அடியில் காலிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அந்த மீன்காரம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் என் குழந்தை. கை நிறைய வேர்க்கடலை.

பாய்ந்து போய்க் கையை நீட்டினேன். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"நில்லு. நீ யாரு?"

"பெத்தவ. எம் புள்ள அது."

"மூஞ்ச சரியா பாக்கல நானு. கும்பல்ல யாரோ குடுத்தாங்க, வாங்குனேன். ஆத்தாக்காரி முன்னாடி ஏறிகீறான்னு நெனச்சிக்கினு இட்டாந்துட்டேன். எல்லாரும் எறங்குனாங்க, ஒருத்தியும் வரல. இப்ப நீ வந்து எம் புள்ளன்றே. எப்பிடி நம்பறது?"

குழந்தையின் பேரைச் சொன்னேன்.

"அத்த இங்க மரத்துல கீற காக்காகூட சொல்லும். வந்ததுலேர்ந்து அது தன் பேரச் சொல்லிக்கினேதான் கீது."

சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். தலைவிரி கோலம், வெறுங்கால், சரிந்த முந்தானை. என் கோலத்தைப் பார்த்தார்கள். "புள்ள புடிக்கிறவளா இருக்கப்போறா, உடாதக்கா" என்று ஒரு குரல் கேட்டது. என்னைப் பார்த்து! அந்த நாளில் அப்படிச் சொன்னால் அடித்தே போட்டுவிடுவார்கள்.

"புள்ள தானா வரட்டும். வந்தா இட்டுக்கினு போ" என்றாள் மீன்காரம்மா.

"வா கண்ணு, யம்மாகிட்ட வா" என்றேன்.

குழந்தை என்னைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது. "போ. நீ வரல" என்று சொல்லிவிட்டு அவள் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

பஸ் போனபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. பத்து மாதம் சுமந்தது, மூன்று வருஷம் இடுப்பை விட்டு இறக்காதது, எதுவும் அந்த இடத்தில் சாட்சிக்கு வரவில்லை. சாட்சி சொல்ல வேண்டியது அந்தச் சின்ன வாய் ஒன்றுதான், அதுவும் கோபத்தில் இருந்தது. ஒரு ஆள் போலீஸ் என்றான். நான் யாரையும் கெஞ்சிப் பழகினவள் இல்லை, அன்றைக்கும் கெஞ்சவில்லை. அவளுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு குழந்தையின் முதுகையே பார்த்தேன்.

எல்லாரும் நின்றார்கள். அவள் கடலையை உடைத்து உடைத்துக் கொடுத்தாள். அது தின்றது. ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாக இருந்தது. பிறகு தின்பது நின்றது. காலை ஒன்றோடு ஒன்று பின்னியது. நெளிந்தது. மடியிலிருந்து வழுக்கி இறங்கி, நேராக என்னிடம் வந்து, காதில் வாயை வைத்து, "யம்மா, ஒண்ணுக்கு வருது" என்றது.

மீன்காரம்மா முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "போதும் தாயி, எயுந்துரு. வந்ததுலேர்ந்து எங்கிட்ட எல்லாத்தையும் கேட்டுது, கடல கேட்டுது, தண்ணி கேட்டுது. இத்த மட்டும் கேக்கல பாரு."

மரத்துக்குப் பின்னால் குழந்தையை உட்கார வைத்தபோது அதன் தோளை விடாமல் பிடித்திருந்ததில் கவுனைத் தூக்கிப் பிடிக்க எனக்குக் கை இல்லை. மீன்காரம்மாதான் வந்து பிடித்தாள்.

திரும்பிப் போக பஸ் காலியாக நின்றது. ஆனால் எனக்கு ஏறத் துணிவு வரவில்லை. "பொன்னேரிதானே?" என்று கண்டக்டரைக் கேட்டேன். ஆமாம் என்றார். டிரைவரைப் போய்க் கேட்டேன். அவரும் ஆமாம் என்றார். உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரையும் கேட்டேன்.

"இங்கேருந்து வேற எங்கம்மே போவும்? ஒரே ரோடு, பின்னால ஏரி" என்று மீன்காரம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "கொயந்தய நான் வச்சிக்கினு கீறேன், நீ ஏறி குந்து, அப்பால தரேன்" என்று சொல்லிப் பார்த்தாள். என் கை விடவில்லை. இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு, கம்பியைப் பிடிக்காமல், தோளால் கதவில் இடித்துக்கொண்டுதான் அந்தப் படியில் ஏறினேன்.