சேறு சுரண்டாத சக்கரம்

ஆறு வருஷத்துக்கு முன், ஆற்றில் தண்ணீர் வந்த நாலாம் நாள், திருவாரூர் ரோட்டில் சவரிமுத்துவின் பட்டறை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றிலும் சேற்றுழவில் வளைந்துபோன, வெட்டி ஒட்ட வேண்டிய இரும்புச் சக்கரங்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்களைச் சமாளித்துக்கொண்டிருந்த அவன் மனைவி ரோஸ்லினுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னும் சேத்தச் சுரண்டிக்கிட்டே இருக்கீங்களே! அப்படியே வெட்டித் தொலைங்க!" என்று கத்தினாள்.

அவன் சுரண்டுவதைப் பாதியில் விட்டான். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கக்கூட மறந்து, கேஸ் கட்டரைப் பற்றவைத்தான். ஈரச் சேறு சூட்டில் வெடித்து, உருகிய இரும்பை அவன் முகத்தில் அடித்தது. வலது கண் போனது. இடது கண்ணில் நிழல் மட்டும் தங்கியது.

அதற்குப் பிறகு வெட்டுவது ரோஸ்லின்தான். அவன்தான் கற்றுக்கொடுத்தான். முதல் மாதம் முழுக்க, இரும்பு சிவக்குமுன்பே ஆக்சிஜன் லீவரை அமுக்கிவிடுவாள். வெட்டு பாதியில் நின்றுபோகும். "இன்னும் செவக்கல, சத்தத்துலயே தெரியுது. திரும்பச் சூடாக்கு" என்பான். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும் அவளுக்கு.

இந்த வருஷமும் தண்ணீர் வந்தது. நாற்காலியில் இப்போது சவரிமுத்து. சக்கரம் கொண்டுவந்த ஒருவர், "எவ்வளவு நேரங்க சுரண்டுவாங்க? அங்க நாத்து முத்துது" என்று பறந்தார்.

"அவசரப்படுத்தாதீங்க. அவ சுரண்டி முடிக்கட்டும்" என்றான் சவரிமுத்து.

ரோஸ்லினின் கை சக்கரத்தின் மேலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு அதே நாற்காலியிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை.